தலைவரின் கப்பல்மேல் உருண்ட முள்ளெலி

ஒரு காட்டில், இரை தேடியது போக மிச்ச நேரத்தை என்ன செய்வதென்று தெரியாத விலங்குகள் கூடிச் சிற்றுருச் சங்கம் ஒன்றை நடத்திவந்தன. நகரத்திலிருந்து அட்டைப்பெட்டியில், ஒரு சட்டத்தோடு ஒட்டியபடி பிளாஸ்டிக் துண்டுகள் வரும். அவற்றைச் சட்டத்திலிருந்து வெட்டி, பிசிறு தேய்த்து, பசை வைத்து ஒட்டி, பெயின்ட் அடித்தால் உள்ளங்கை அளவில் ஒரு விமானமோ லாரியோ கிடைக்கும். கிடைத்து என்ன பயன் என்று யாரும் கேட்பதில்லை. கேட்பவர்களைச் சங்கத்தில் சேர்ப்பதில்லை.

சங்கத்துக்கு ஒரு குகை இருந்தது. எவ்வளவு மழை பெய்தாலும் ஒழுகாது. அதன் சுவரில் ஓர் அலமாரி. அதில் உயர்நிலை உறுப்பினர்களின் பொருள்களை மட்டுமே வைக்கலாம். தொடக்கநிலை உறுப்பினர்கள், கண்காட்சி முடிந்ததும் அவரவர் பொருளைத் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர வேண்டும்.

தவசி என்ற முள்ளெலிக்கு இதுதான் கவலை. அவனுடைய வளை பள்ளத்தில் இருந்தது. போன மழைக்கு அவன் செய்து வைத்திருந்த ஆட்டோ, டிரைவர் இல்லாமலே வெள்ளத்தோடு போய்விட்டது. இந்த ஆண்டு ஒரு டவுன் பஸ் செய்திருந்தான். ஜன்னலில் பசைக்கறை இல்லை. சக்கரம் சுற்றியது. படியில் ஒற்றைக் காலை வைத்துத் தொங்கும் ஆளைக்கூட ஒட்டியிருந்தான். வானமோ மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

பஸ்ஸில் ஒரே குறை, அது புத்தம் புதிதாக இருந்தது. எந்த டவுன் பஸ் அப்படி இருக்கிறது? துரு வேண்டும், சொட்டை வேண்டும், காய்ந்த சேறு வேண்டும். இவற்றை உண்டாக்குவதற்குப் பெயர்தான் உயர்நிலை உத்தி. அதைச் செய்துகாட்டினால் அலமாரியில் இடம். ஆனால் உயர்நிலை உத்தியில் முன் அனுபவம் உள்ளவர்களே உயர்நிலை உத்தியை முயலலாம் என்பது சங்கத்தின் விதி.

"முன் அனுபவம் எப்படிங்க வரும்?" என்று தவசி செயலாளர் ஓணானிடம் கேட்டான்.

"முயற்சி பண்ணினா வரும்."

"அப்ப நான் முயற்சி பண்ணலாமா?"

"முன் அனுபவம் இருக்கா?"

இல்லை என்றான் தவசி. ஓணான் தலையாட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார் என்பதால் அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

யாருக்கும் தெரியாமல் செய்து பார்த்துவிடலாம் என்று ஒருநாள் பிரஷ்ஷைப் பழுப்பு பெயின்டில் தோய்த்தான். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் பிரஷ் காய்ந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மற்ற முள்ளெலிகள் பாம்பைக் கண்டால் சுருண்டுகொள்ளும். தவசி கேள்வியைக் கேட்டால் சுருண்டுகொள்வான். எல்லாக் கேள்விக்கும் இல்லை. அந்த வளையில் பட்டம் வாங்கிய முதல் முள்ளெலி அவன். பட்டத்தோடு வீடு வந்த அன்று, விருந்துக்கு வந்த அத்தை, "அடுத்து என்ன தம்பி?" என்றாள். சுருண்டவன், விருந்தாளிகள் கை கழுவிப் போகும்வரை விரியவில்லை.

கண்காட்சி நாள் வந்தது. குகைக்குள் நீளமான பாறை ஒன்றுதான் மேசை. அது ஒரு பக்கம் சரிந்திருக்கும். மேல் கோடியில் தவசி தன் பஸ்ஸோடு நின்றான். கீழ்க் கோடியில் சங்கத்தின் தலைவர் ஆமையார் அம்பலவாணரின் போர்க்கப்பல். அடியில் செம்பழுப்பு, அதன்மேல் சாம்பல் நிறம் என்று வருடக்கணக்காக அதற்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பூச்சு அன்று காலையில்தான் முடிந்தது. இன்னும் காயவில்லை.

ஆமையார் மேசையைச் சுற்றிவந்து பஸ் முன்னால் நின்றார். இதைவிட்டால் வேறு வாய்ப்பு வராது என்று தவசிக்குத் தோன்றியது.

"தலைவர் ஐயா, இந்த பஸ்ஸுக்குக் கொஞ்சம் துரு வச்சுப் பார்க்கலாமா? மழைக்கு முன்னாடி அலமாரியில ஒரு இடம் கிடைச்சா..."

"அவசரப்படாதே. நான் அவசரப்பட்டிருந்தா இந்த நிலைக்கு வந்திருப்பேனா? அது கிடக்கட்டும். பட்டம் வாங்கிட்டியாமே. அடுத்து என்ன?"

தவசி சுருண்டான்.

சரிந்த பாறையில் பந்து நிற்குமா? உருண்டது. வழியில் இருந்த விமானங்களைத் தாண்டி, கீழ்க் கோடிக்கு வந்து, போர்க்கப்பலின் முனையில் ஏறி மறுமுனையில் இறங்கியது. ஈரப் பூச்சில் முள் பட்ட இடமெல்லாம் குழி. குழிக்குக் குழி அடியிலிருந்த செம்பழுப்பு எட்டிப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து அடுத்த காட்டிலிருந்து நடுவர் நாரையார் உள்ளே நுழைந்தார். ஆமையார் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

நாரையார் கப்பலின்மேல் நெடுநேரம் குனிந்திருந்தார். "போன வருஷமும் இதே கப்பல்தானே? உரிச்ச வாழைப்பழம் மாதிரி இருந்தது. இப்ப பாருங்க, அரிச்சுப்போன இரும்பேதான். உப்புக்காத்து வாசனைகூட வருது. யார் கைவேலை?"

வாசனை பெயின்டுடையது. ஆனாலும் ஆமையாரின் தலை மெல்ல வெளியே வந்தது. "எல்லாம் அடியேனுடையதுதான்."

தவசி அதற்குள் விரிந்திருந்தான். பொய் சொல்ல அவனுக்கு வராது. "ஐயா, அது நான் பண்ணினது. பயத்துல உருண்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

"நீயா உருண்டியா, யாராவது உருட்டினாங்களா?"

"தலைவர் ஐயா ஒரு கேள்வி கேட்டார்."

"அப்ப உருட்டினது அவர். நீ கருவி. பிரஷ்ஷுக்கு யாராவது பரிசு கொடுப்பாங்களா தம்பி?"

ஓணான் தலையாட்டினார். பரிசு ஆமையாருக்குப் போனது.

வெளியே முதல் தூறல் விழுந்தது. தவசி பஸ்ஸைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். ஆமையாருக்கு அடுத்த ஆண்டுக் கண்காட்சி ஞாபகம் வந்தது.

"எங்கே போறே? கருவியை மழையில விடற வழக்கம் நம்ம சங்கத்துல கிடையாது. அலமாரியில அரத்துக்கும் பசைப் புட்டிக்கும் நடுவுல இடம் இருக்கு, ஏறி உட்காரு."

"பஸ்?"

"கருவிக்கு ஒரு உறை இருக்கலாம். உறைன்னு சொல்லி வச்சுக்க."

இப்படியாக டவுன் பஸ் அலமாரி ஏறியது. தவசி வேலையில் சேர்ந்தான். உறுப்பினர்கள் லாரியும் டாங்கியும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்துக் கேட்பார்கள். லேசான துருவுக்கு, "அடுத்து என்ன?" போதும். ஆழமான சொட்டை வேண்டுமென்றால், "உன்கூடப் படிச்சவங்கல்லாம் இப்ப எங்கே இருக்காங்க?" என்பார்கள். பஸ் மட்டும் புதிதாகவே நின்றது. அதில் துரு வைக்க அவனுக்கு அனுமதி இல்லை. கருவிகளுக்கு முன் அனுபவச் சான்றிதழ் தருவதில்லை.

அடைமழைக் காலத்தில் ஒரு பகல். குகையில் யாருமில்லை. தவசி தன்னைத்தானே மெதுவாகக் கேட்டுப் பார்த்தான்: "அடுத்து என்ன?"

உடம்பு அசையவில்லை. மறுபடி கேட்டான். ஒரு முள்கூடச் சிலிர்க்கவில்லை. தினமும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. பயம் போய்விட்டது. பயம் போனால் வேலை போகும். வேலை போனால் பஸ் பள்ளத்துக்குப் போகும்.

மறுநாள் ஓணான் தன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து வைத்தார். "அடுத்து என்ன தம்பி?"

தவசி வண்டியை ஒரு முறை நிதானமாகப் பார்த்தான். கண்களை மூடினான். உடம்பை நடுக்கிக்கொண்டு சுருண்டான். டேங்க்கின்மேல் ஏறி, சீட்டைத் தொடாமல் விலகி, மட்கார்டில் மட்டும் இரண்டு சுற்றுச் சுற்றி இறங்கினான்.

"பயம் நாளுக்கு நாள் மெருகேறுதே," என்றார் ஓணான். இந்த முறை நிஜமாகவே தலையாட்டினார்.

தவசி முயன்ற முதல் உயர்நிலை உத்தி அதுதான். அந்த மழைக்கு பஸ் நனையவில்லை.

நீதி: அடிப்படை கைவராமல் உயர்நிலை உத்தியை முயலக் கூடாது. பொறுக்க முடியாதவர்கள் தலைவருடைய கப்பலில் முயல்க.