உடம்பெல்லாம் டி.என்.ஏ.

தருமபுரிச் சீமையிலேயே தன் உடம்பில் டி.என்.ஏ. இருப்பதாக நாலு பேர் முன்னால் ஒப்புக்கொண்ட முதல் மனிதர் எங்கள் ஏணி சார்தான். அந்த ஒரே காரணத்தால் அவருக்கு ரொம்ப நாள் பெண் கிடைக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். நான் அரூர் தாலுகா ஆபீஸில் நகல் எடுத்துக் கொடுக்கும் குமாஸ்தா. சார் ஹைஸ்கூலில் சயின்ஸ் வாத்தியார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரே ரூமில் இருந்தோம். கையில் சாக்பீஸ் இருந்தால் முறுக்கிவிட்ட ஏணி ஒன்றை எதன் மேலாவது வரைந்துவிடுவார். சாக்பீஸ் இல்லாவிட்டால் டீக்கடை பெஞ்சுத் தூசியில் விரலால் வரைவார். ஒரு நாள் நானே முதுகில் ஏணியோடு ஆபீஸ் போயிருக்கிறேன்.

"இதுதான்யா டி.என்.ஏ. நாலே நாலு எழுத்து. மும்மூணு எழுத்தா படிக்கணும். மூணு எழுத்துக்கு ஒரு பாசிமணி. வரிசையா கோத்தா புரோட்டீன். உன் நகம், முடி, ரத்தத்து செவப்பு, எல்லாம் அந்தக் கோப்புதான்" என்பார்.

"சார், சாம்பார் பொங்குது" என்பேன்.

அப்பா அம்மா இல்லாத மனிதர். "ரூம் சோறு போதும்யா. ஒரு வூடு வேணும். நான் பேசறத காது குடுத்துக் கேக்க ஒரு ஆளு வேணும்" என்று அவர் சொல்லும்போது மனசு கஷ்டமாக இருக்கும். அதனால் பெரியவர் ஸ்தானத்தில் நானே பெண் பார்க்கக் கிளம்பினேன். எனக்கே அப்போது கல்யாணம் ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

முதலில் பொம்மிடி. கேசரி, பஜ்ஜி வரை ஒழுங்காகத்தான் போயிற்று. பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் வழுக்கையைப் பார்த்துக்கொண்டே, "உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களே?" என்று பேச்சுக்குக் கேட்டார்.

"இந்த வழுக்கை டி.என்.ஏ.வால வந்ததுங்க" என்றார் சார்.

"எதால?"

"டி.என்.ஏ.ங்க. எனக்கு உடம்பெல்லாம் இருக்குது. பாதி எங்கப்பாகிட்டருந்து வந்தது, பாதி எங்கம்மாகிட்டருந்து."

பெண்ணின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "வைத்தியம் பாத்தீங்களா?" என்றார் அப்பா.

"இதுக்கு வைத்தியம் எதுக்குங்க? பொறக்கற புள்ளைங்களுக்கும் கண்டிப்பா வரும்."

நான் அவர் காலை மிதித்தேன். ஆறுதல் சொல்லச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "பயப்படாதீங்க, உங்க பொண்ணுக்கும் இருக்குது."

அத்தோடு எழுந்துவிட்டார்கள். மிச்சமிருந்த பஜ்ஜியையும் உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நாங்கள் அரூர் வந்து சேர்வதற்குள் சேதி வந்து உட்கார்ந்திருந்தது. வாத்தியாருக்குப் பரம்பரை வியாதி, உடம்பெல்லாம் பரவிவிட்டது என்று. தரகர் எங்களைக் கண்டால் சந்துக்குள் திரும்பினார். டீக்கடைக்காரர் தினமும், "இப்ப பரவால்லீங்களா சார்?" என்று இரக்கத்தோடு விசாரித்தார். சார் பேச்சைக் குறைத்தார். அப்புறம் ஏணி வரைவதையும் விட்டார். அப்போதுதான் நான் நிஜமாகவே பயந்தேன்.

கடைசியாக நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு பூந்தோட்டக்காரர் வீடு. வாயைத் திறக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே சத்தியம் வாங்கியிருந்தேன். காபி கொடுத்த பெண்ணே நின்று கேட்டுவிட்டாள்.

"உங்களுக்கு என்னமோ இருக்குதுன்னு சொல்றாங்களே, என்னங்க அது?"

சார் என்னைப் பார்த்தார். போய்த் தொலையட்டும் என்று தலையாட்டினேன். நாலு எழுத்து, பாசிமணி, நகம், முடி என்று எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"உடம்பு பூரா அதே எழுத்துதான் இருக்குதுன்னா நாக்குல ஏங்க முடி மொளைக்கல?"

அத்தனை வருஷத்தில் அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு ஒருவர் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. சாருக்குக் கண் கலங்கிவிட்டது. சாக்பீஸ் தேடிச் சட்டைப் பையைத் துழாவ ஆரம்பித்தார். வேறு வழியில்லாமல் நான் புகுந்தேன்.

"எங்க ஆபீஸ் மாதிரிதாங்க. ரெகார்டு ரூம்ல எல்லா ஊரு நெலக் கணக்கும் இருக்கும். அசல் வெளிய வராது. தேவப்படற பக்கத்துக்கு மட்டும் நகல் எடுத்து அனுப்புவோம். அந்த நகல பாத்துதான் வெளிய வேலை நடக்கும். முடி வேணும்னு நாக்குல யாரும் நகல் எடுக்கறதில்லீங்க."

சார் திரும்பி என்னையே பார்த்தார். "யோவ், இத்தன நாளா நீ கேட்டுக்கிட்டுதான் இருந்தியா?"

"அப்ப அது எனக்கும் இருக்குதா?" என்றாள் அவள். இருக்கிறது என்றேன். "வியாதியெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். தை மாதம் கல்யாணம்.

சார் மாற்றல் வாங்கிக்கொண்டு நல்லம்பள்ளிக்கே போய்விட்டார். சாம்பார் பொங்கும்போது சொல்ல ரூமில் ஆள் இல்லை. அடுத்த வருஷம் பொங்கலுக்கு முந்தி வெள்ளையடிக்க ஆள் வந்தான். அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு ஏணி இருந்தது. அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.