கதிர்வேலுக்கு நான் போட்ட கண்ணீர் அஞ்சலி

என் வாயால் ஒரு ஆளைக் கொன்றிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டே, மைக்குக்கு முன்னால். செத்தவன் எதிரில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஊருக்கும் சொன்னேன் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

முதலில் என் குரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், குற்றவாளி அதுதான். கோயமுத்தூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் அறிவிப்பு சொல்வது என் வேலை. "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, முகூர்த்தப் பட்டு மூன்றாவது தளத்தில்" என்பேன், சனம் மூன்றாவது தளத்துக்கு ஏறும். "பச்சைச் சட்டை போட்ட குழந்தை இங்கே அழுதுகொண்டிருக்கிறது" என்பேன், நாலு அம்மாக்கள் ஓடி வருவார்கள். செல்வி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு பெயர். அந்தப் பெயர் தலைக்கேறி, என் தொண்டையில் ஏதோ சாமி குடியிருப்பதாக அப்போது நினைப்பு. (பத்தாவதோடு படிப்பு நின்றவள் நான். பேச்சுக்கு யாரும் பரீட்சை வைக்காததால் அதில் மட்டும் ஃபெயிலாகவில்லை.)

கோட்டைமேட்டில் கல்யாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடும் கடைக்காரர் மகன் சுஹேல். அவன்தான் எங்களுக்கு இந்த விளையாட்டைக் காட்டினான். மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாக இறங்கி, "நான் ஆத்தைத் தாண்டறேன்", "நான் திருடங்கிட்டப் பேசிப் பார்க்கறேன்" என்பார்கள். தாண்டினார்களா முங்கினார்களா என்பதை இருபது முகப் பகடை ஒன்று சொல்லும். இருபது விழுந்தால் ராஜா, ஒன்று விழுந்தால் கோவிந்தா. என் அம்மா ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டில் விளக்கினாள்: "ஒண்ணுமில்லீங்க, தாயம் ஆடறாங்க. நடுவுல நடுவுல பொய் சொல்லிக்கறாங்க." இதைவிட நல்ல விளக்கம் இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

கதை சொல்வது நான். ஆடுவது சுஹேலும் கதிர்வேலும். கதிர்வேலுக்குச் சிங்காநல்லூரில் மோட்டார் வைண்டிங் பட்டறை. அதற்கு மேலே உள்ள மாடி அறையில் எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் பவானி ஜமக்காளத்தைத் தொங்கவிட்டு, பக்கத்து லேத் ஓடாத ஞாயிறுகளில் ஆட்டத்தைப் பதிவு செய்து 'இருபது முகம்' என்று பாட்காஸ்ட் போட்டோம். கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் உடும்புப் பிடி. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர், கதைக்குள் கதிர்வேல் வாங்கிய கயிறு மட்டம் என்று மூன்று நிமிடம் திட்டிக் குரல் அனுப்புவார். போத்தனூர் ஜெனி டீச்சர் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டித் தனியாக ஒரு மேசையே போட்டுவிட்டார்.

ஆரம்பத்தில் வெளிநாட்டுப் பெயர்களை வைத்துக்கொண்டு ஆடினோம். கதிர்வேல் தன் பெயரை மூன்று வாரம் மறந்தான். "போதும் சாமி, அவங்கவங்க பேர்லயே ஆடுங்க" என்று சட்டம் போட்டேன். (குற்றப் பட்டியலில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.)

கதிர்வேலுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. பட்டறைக்காரனுக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை. 'பையன் நல்ல பையன், ஆனா கையில கிரீஸ்' என்று சொல்லிப் போனவர்கள் எத்தனையோ பேர். அவன் அம்மா சரஸ்வதியக்கா என்னிடம் ஒரு போட்டோ கொடுத்து, "கடைக்கு வாரவங்ககிட்டச் சொல்லு கண்ணு" என்றார். என் வாடிக்கையாளர் பழனாத்தா அத்தைக்கு அனுப்பினேன். வெள்ளகோவில்காரர், ஊரே அத்தை என்று கூப்பிடும். அவர் தம்பி மயில்சாமியின் மகள் நித்யாவுக்கு இடம் அமைந்தது. அடுத்த வாரம் உப்புச் சர்க்கரை மாற்றிக் கல்யாணத்தை உறுதி செய்வதாக ஏற்பாடு. சரஸ்வதியக்கா கொஞ்ச நாளாகச் சமையலறையில் பாட ஆரம்பித்திருந்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் கதிர்வேலைக் கொன்றேன்.

கதையில் அவர்கள் மிளகு மூட்டையோடு மலைப்பாதையில் போகிறார்கள். கயிற்றுப் பாலம் அறுகிறது. கதிர்வேல் இந்தப் பக்கம் வந்துவிட்டான். அவன் கழுதை அந்தப் பக்கம் நிற்கிறது. திரும்பிப் போனான், பகடையை உருட்டினான். ஒன்று.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கினால் சும்மா இருப்பேனா? ஆட்டோவில் மைக் கட்டிச் சாவு சொல்வார்களே, அந்தக் குரலை எடுத்தேன். "வருந்துகிறோம். சிங்காநல்லூர் கதிர்வேல் அவர்கள் இன்று நண்பகல் அகால மரணம் அடைந்துவிட்டார் என்பதை..." முடித்தபோது சுஹேல் ஜமக்காளத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இதையே தனியாப் போட்டா எடுப்பா இருக்கும்" என்றான்.

"படமும் கண்ணீர் அஞ்சலி மாதிரியே இருக்கோணும்" என்றேன்.

"நல்ல போட்டோ இருந்தா அனுப்புங்க."

என்னிடம் இருந்த ஒரே நல்ல போட்டோ, பெண் வீட்டுக்கு அனுப்பியது. அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, மேலே இரண்டு கண் வரைந்து, சொட்டு நீர் வடியவிட்டு, கீழே 'இவண்: இருபது முகம் நண்பர்கள்' என்று போட்டான். எந்த ஊர்ச் சுவரில் ஒட்டினாலும் நாலு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள், அவ்வளவு அச்சு அசல். என் குரலையும் சேர்த்து அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டுத் திருப்தியாகத் தூங்கினேன்.

மறுநாள் திங்கள், கடைக்கு லீவு சொல்லியிருந்தேன். உப்புச் சர்க்கரைக்குச் சேலை காட்ட, காலையிலேயே சரஸ்வதியக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்பில் அரிசிம்பருப்பு சாதம். கதிர்வேல் குளித்துக்கொண்டிருந்தான். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பழனாத்தா அத்தை கூந்தலை அவிழ்த்துக்கொண்டே இறங்கினார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். அழுதுகொண்டு வருபவரைப் பார்த்தால் முதலில் கட்டிப்பிடித்து அழ வேண்டும். யாருக்கு, என்ன என்று கேட்பதெல்லாம் அப்புறம். சரஸ்வதியக்கா கரண்டியோடு ஓடிப் போய் அத்தையைக் கட்டிக்கொண்டார்.

"இப்படிப் பண்ணிப்போட்டானே சாமீ!" என்றார் அத்தை.

"ஆமாங்க, பண்ணிப்போட்டானுங்களே!" என்றார் சரஸ்வதியக்கா.

"நல்லா இருந்தவன்தானே!"

"நல்லாத்தானுங்க இருந்தான்!"

அவர்கள் வீட்டில் சாவு என்று இவர் அழ, இவர் வீட்டில் சாவு என்று அவர் அழ, நான் ஒருத்தி மட்டும் தனியாக நிற்பது நன்றாகவா இருக்கும் என்று நானும் போய் அழுதேன். மயில்சாமி பெரிய ரோஜா மாலையோடு இறங்கினார். அவருக்குப் பின்னால் நித்யா. முகம் வீங்கியிருந்தது.

சத்தம் கேட்டுக் கதிர்வேல் துண்டோடு, தலையில் நீர் சொட்டச் சொட்ட வெளியே வந்தான். "வாங்க மாமா. ஏனுங்க, ஆருக்கு என்னாச்சுங்க?"

மயில்சாமி மாலையோடு நின்றார். எந்த நிலைமையிலும் மரியாதை தவறாத மனுசர். "நல்லா இருக்கீங்களா மாப்ள?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கேனுங்க."

வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஒருவர் மறுபடி வேனுக்குள் ஏறிவிட்டார்.

அப்போதுதான் மயில்சாமியின் விரல் பட்டு, அவர் கையிலிருந்த போன் பேசியது. "வருந்துகிறோம். சிங்காநல்லூர் கதிர்வேல் அவர்கள்..." என் குரல். கணீரென்று, ஒரு பிசிறில்லாமல். அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. நாற்பது வருட வாழ்க்கையில் எனக்குப் பேச்சு வராமல் போனது அந்த ஒரு நிமிடம்தான்.

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் பிறகு மயில்சாமியிடம் கேட்டேன். "பொண்ணு ஊட்டுக்காரன், மாப்பிள்ளை ஊட்டுக்குப் போனப் போட்டு, உங்க பையன் செத்துட்டானுங்களான்னு எப்படியம்மணி கேக்கறது?" என்றார். நியாயம்தான்.

நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னேன். விளையாட்டு, பகடை, பாட்காஸ்ட். சொல்லச் சொல்ல எனக்கே அது கேவலமாகப் பட்டது. அத்தை கூந்தலை முடிந்துகொண்டார்.

"செல்வி சொன்னாளேன்னு வந்தம் பாரு. உப்புச் சக்கரை மாத்தறதுக்கு மின்னால மாலை தூக்கிட்டு வந்தாச்சு. இனிமே இந்தக் கழுத்துக்குக் கல்யாண மாலையா? வேண்டாம் மயிலு. வண்டிய எடுக்கச் சொல்லு."

சரஸ்வதியக்கா கையிலிருந்த கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கதிர்வேல் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் உள்ளே போய் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். அதுதான் என் நெஞ்சை அறுத்தது.

"அத்தை, கா மணி நேரம் உக்காந்து முழுசாக் கேளுங்க. அப்புறம் செருப்பால அடிங்க."

"செருப்புத் தேஞ்சு போயிரும்" என்றார். ஆனால் உட்கார்ந்தார். (கால் வலியால்தான் என்று இன்றுவரை சொல்கிறார்.)

முழுப் பகுதியையும் போட்டேன். முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு பேர், நடுவில் மாலை. போனிலிருந்து என் குரல் வந்தது: "பாலம் அறுந்துக்கிட்டிருக்கு கதிரு. போனா வர மாட்டே."

கதிர்வேல் குரல்: "தெரியுமுங்க்கா. நான் போறேன்."

கடகடவென்று பகடை உருண்டது. சுஹேல் மெதுவாக, "ஒண்ணு" என்றான். முற்றத்தில் யாரோ 'உச்' கொட்டினார்கள்.

நித்யா அன்று முதல்முறையாகப் பேசினாள். நேராகக் கதிர்வேலைப் பார்த்துக் கேட்டாள். "ஒரு கழுதைக்கு எதுக்குங்க திரும்பிப் போனீங்க?"

அவன் காதெல்லாம் சிவந்தது. "அத அங்க கட்டினது நாந்தானுங்க."

அத்தை தொண்டையைச் செருமினார்.

"அந்தக் கழுதை என்னாச்சு?"

நான் விழித்தேன். சாவு அறிவிப்பில் மும்முரமாக இருந்ததில் கழுதையை மறந்தே போயிருந்தேன்.

"அது... பகடைதானுங்க சொல்லோணும்."

"அப்பக் குடு இங்கே."

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சரஸ்வதியக்கா ஒரு சாப்பாட்டு வட்டலைக் கவிழ்த்து முன்னால் வைத்தார். அத்தை பகடையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உருட்டினார். பதினொன்று.

"பதினொண்ணுன்னா?"

"பொழைச்சுக்குமுங்க. ஆனா ஒரு கால் நொண்டும்."

"நொண்டட்டும். செமக்கறதுக்கு மூணு கால் போதும்." அத்தை பகடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எத்தன மொகம்னு சொன்னே?"

"இருபதுங்க."

"இருபதுல ஒண்ணு ஆருக்குத்தான் உழாது? அதுக்குப் பயந்தா ஒருத்தருந் தாண்ட முடியாது" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை, தம்பியையோ என்னையோ பார்க்கவில்லை. சொலவடைகளை பில் காகிதத்தின் பின்னால் எழுதிவைப்பது என் வழக்கம். அன்றைக்குப் பேனா எடுக்கக் கை வரவில்லை.

மயில்சாமி மகளைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே கண்ணு?"

"கழுதைக்கே திரும்பிப் போறவருங்கப்பா" என்றாள் நித்யா. "வண்டிய அப்புறம் எடுக்கலாமுங்க."

சரஸ்வதியக்கா அப்போதுதான் உண்மையாக அழுதார். அழுதுகொண்டே இலை போடச் சொன்னார்.

அதிலும் ஒரு சண்டை. "எழவு ஊட்டுக்கு வந்துட்டுச் சாப்பிடற பழக்கமில்லீங்க" என்றார் வேனுக்குள் திரும்ப ஏறியவர்.

"எழவே இல்லீங்களே!" என்றார் சரஸ்வதியக்கா, கரண்டியை ஓங்கி.

"கெளம்பினது எழவுக்குத்தானுங்களே."

"வந்து சேர்ந்தது விருந்துக்கு, ஒறம்பரையாத்தான். உக்காருங்க!"

உட்கார்ந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் மயில்சாமிக்குப் போன் வந்தது. உதவி மனசுக்காரர் அல்லவா, வரும்போதே ஒரு பங்காளியைக் காரியத்துக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிக் கொடுமுடிக்கு அனுப்பியிருந்தார். பங்காளி காவிரிக் கரையில் நின்றுகொண்டு, "அண்ணா, எத்தனாவது நாள்னு கேக்கறாங்க" என்றார். மயில்சாமி கதிர்வேலைப் பார்த்தார். கதிர்வேல் அவருக்குக் கொஞ்சம் நெய் விட்டான். "ஆள் சாப்பிட்டுக்கிட்டு இருக்காருப்பா, வந்துரு" என்று வைத்துவிட்டார்.

மாலைதான் மிச்சம். சாமிக்குப் போட முடியாது, திருப்பிக் கொண்டுபோகவும் கூடாது. அத்தை என்னை மாடிக்குக் கூட்டிப் போகச் சொன்னார். ஜமக்காளங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மைக்கின் கழுத்தில் மாலையைப் போட்டார். "இதுலதானே செத்தான். இதுக்கே இருக்கட்டும்" என்றார். அன்று நடந்ததையெல்லாம் அடுத்த பகுதியில் அப்படியே சொன்னோம். மஞ்சள் மண்டிக்காரர் இந்த முறை திட்டவில்லை, கயிறு ஒன்று வாங்கிப் பார்சலில் அனுப்பினார். ஜெனி டீச்சரின் பிள்ளைகள் நொண்டிக் கழுதைக்குப் படம் வரைந்து அனுப்பினார்கள்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. முகூர்த்தப் பட்டு எங்கள் கடையில்தான் எடுத்தார்கள். மூன்றாவது தளம் என்று நான் அறிவித்ததை அத்தை நம்பவில்லை. பக்கத்தில் இருந்த செக்யூரிட்டியிடம் இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் ஏறினார்.

போன வருடம் நித்யாவுக்குப் பிரசவம். எல்லோரும் ஓடிக்கொண்டிருந்ததால், வெள்ளகோவிலுக்குச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, இருக்கிற சந்தோசத்தையெல்லாம் தொண்டைக்குக் கொண்டுவந்து, "அத்தை, நித்யாவுக்குப் பொண்ணு பொறந்திருக்குங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றேன்.

"சரியம்மணி, சந்தோசம்" என்றார் அத்தை. "போனை நர்ஸ்கிட்டக் குடு."