தலையாட்டிய கியர்பாக்ஸ்

படித்தவன் செய்யும் ரிப்பேரில் ஒரு ஆபத்து உண்டு. எல்லாம் கெட்டுப்போன பிறகும், தான் செய்தது ஏன் சரி என்று அவனால் விளக்க முடியும். நான் இன்றுவரை விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேலையூரில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்த்தேன். மற்றவர்கள் கையில் ஸ்பேனர் இருக்கும். என் கையில் புத்தகம். (ஸ்பேனரும் இருக்கும். ஆனால் புத்தகம்தான் மேலே தெரியும்.)

முடிச்சூர் ஏகாம்பரம் அண்ணன், வயலை மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தவர். ஏலத்தில் ஒரு வெளிநாட்டுக் கார் எடுத்திருந்தார். கிளட்ச் மிதிக்க வேண்டாம். கியர் தானாக மாறும். மனை வாங்க வருகிறவர்களைத் தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து அதில்தான் அழைத்துப்போவார்.

"டிராக்டர்ல கியர் வுழுந்தா ஒடம்புக்கே தெரியும் தம்பி. இதுல வுழுதா இல்லியான்னே தெரியல. ஆயில் வேற தீஞ்ச நாத்தம் அடிக்குது."

எனக்கு உடனே பிடிபட்டது. கியர் வழுக்கி வழுக்கி மாறினால் உள்ளேயிருக்கும் தட்டுகள் சூடாகித் தேயும். எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டி, சட்டென்று விழவைத்தால் கியர்பாக்ஸ் வருஷக்கணக்கில் உழைக்கும் என்றேன்.

"செஞ்சிக் காட்டு. மெயின் ரோட்டு மேல என் எடத்துல உனக்கு ஷெட்டு போட்டுத் தரேன்."

அன்று மாலையே என் பெயரும் படிப்பும் போட்டு போர்டு எழுதக் கொடுத்துவிட்டேன்.

எண்ணெய்த் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னது புத்தகம். 'கொஞ்சம்' என்பது பயந்தவர்களுக்காக எழுதியது என்று முடிவுசெய்தேன். அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள உள்ளே ஒரு ஸ்பிரிங் இருந்தது. சும்மா கிடப்பதுபோல் தெரிந்ததால் அதையும் அசையவிடாமல் அடைத்தேன். தனியாக ஓட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருந்த எனக்கு, கியர் விழும்போது வந்த உதை கம்பீரமாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்ட, பக்கத்தில் அண்ணன். பின்சீட்டில், சும்மா மனை பார்க்க வந்த ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர். அவருக்குப் பக்கத்தில், ஷெட் வரப்போகும் இடத்தைப் பார்க்கத் துவைத்த வேட்டியில் கிளம்பிய என் அப்பா.

மனைக்குப் போய்ச் சேருமுன் பேரத்தை முடிப்பது அண்ணன் வழக்கம். பின்னால் திரும்பி, "சார், பதினாலாம் நம்பரு, கார்னர் மனை. புடிச்சிருக்கா?" என்றார்.

இரண்டாவது கியர் விழுந்தது. முதுகில் யாரோ உதைத்ததுபோல் கார் பாய்ந்தது. பின்சீட்டில் இரண்டு தலைகளும் ஒன்றாகப் பின்னால் போய், பலமாக முன்னால் வந்தன.

"நான் சொன்ன வெலைதானே?"

மூன்றாவது கியர். இரண்டு தலைகளும் சம்மதித்தன.

ஒரு எருமை குறுக்கே வந்ததில் மறுபடி இரண்டு கியர், மறுபடி இரண்டு சம்மதம். ஹெட்மாஸ்டர் வாயையே திறக்கவில்லை. ஒரு கை மூக்குக் கண்ணாடியில், ஒரு கை வாயில். (பல்செட் என்று பிறகுதான் தெரிந்தது.) டிராக்டரில் பழகிய அண்ணனோ அசையவே இல்லை. "இப்பதான்டா இது வண்டி!" என்று என் தொடையில் தட்டினார்.

மனையில் இறங்கியதும், அதே பதினாலாம் நம்பருக்காக ஸ்கூட்டரில் வந்து காத்திருந்தவரிடம், "வித்துப்போச்சு சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஸ்கூட்டர் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் ஹெட்மாஸ்டருக்கு வாய் வந்தது.

"யாருக்கு வித்தீங்க?"

"உங்களுக்குத்தான். நாலு தபா தலைய ஆட்டுனியே சார்!"

"நான் எங்கய்யா ஆட்டினேன்? உன் வண்டி ஆட்டிச்சு!"

அண்ணன் அப்பாவைச் சாட்சிக்கு இழுத்தார். "பெரியவரே, நீயே சொல்லு. ஆட்டுனாரா இல்லியா?"

அப்பா கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நானுந்தான் ஆட்னேன். எனக்கும் ஒரு மனை எழுதிடுவியா?"

நான் தட்டுகளின் தேய்மானம் பற்றி விளக்கத் தொடங்கினேன். "நீ கம்முனு இரு தம்பி" என்றார் அண்ணன். ஹெட்மாஸ்டர் பஸ்ஸில் திரும்பினார். ஷெட் பேச்சு அன்றோடு நின்றது. போர்டு பல வருஷம் எங்கள் வீட்டுத் தண்ணீர் டிரம்முக்கு மூடியாக இருந்தது.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். அந்த கியர்பாக்ஸை அதற்கப்புறம் யாரும் திறக்கவே இல்லை. காரின் தகடெல்லாம் துருப்பிடித்து உதிர்ந்த காலத்திலும் கியர் டொம்மென்று விழுந்தது.

பிற்பாடு எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பிடித்திருக்கிறதா என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெட்கத்தோடு தலையாட்டினேன். அத்தனை பேர் நடுவில் அப்பா குனிந்து கேட்டார்: "நீயா ஆட்றியாடா, இல்ல கியரா?"

அன்று பெண்ணாக உட்கார்ந்திருந்தவர், நான் எதற்குத் தலையாட்டினாலும், இன்றும் அதையேதான் கேட்கிறார்.