ஹார்மோன் ஏஜென்ட்

ஊருக்கு ஒருவர் இருப்பார். மருத்துவம் படித்தவரல்ல, யூடியூப் பார்த்தவர். உங்களுக்குக் கோபம் வந்தால் அட்ரினல், தூக்கம் வந்தால் தைராய்டு, பசி வந்தால் கணையம், ஒன்றுமே வராவிட்டால் பிட்யூட்டரி என்று, நீங்கள் வாயைத் திறப்பதற்குள் உங்கள் சுரப்பிகளையெல்லாம் விசாரித்துத் தீர்ப்பும் சொல்லிவிடுவார். ஹார்மோன் ஏஜென்ட் என்று நான் சொல்வது இவரைத்தான்.

புன்னைக்காயலில் அவர் இனிகோ அண்ணாச்சி. தூத்துக்குடித் துறைமுகத்தில், கம்பெனிகளின் சரக்கைச் சுங்கத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, வாட்ஸ்அப்பில் வந்த ரத்தப் பரிசோதனை முடிவுகளுக்கெல்லாம் கிளியரன்ஸ் கொடுப்பார்.

அவருடைய தம்பி மனைவி விஜிலா, கோயில் பாடகர் குழுவில் முதல் குரல். திருவிழாப் பூசையில் தனிப்பாட்டு அவளுடையது. வருஷமெல்லாம் அதற்காகவே இருப்பாள். தைராய்டு மந்தம் என்று தினமும் மாத்திரை போடுகிறவள். திருவிழாவுக்குச் சில மாதம் முன்பு அவளுடைய பரிசோதனை முடிவு அண்ணாச்சி கையில் சிக்கியது.

"ஏளா விஜிலா, டி.எஸ்.எச். கூடிக் கெடக்கு. தைராய்டு மிஞ்சிட்டுன்னு அர்த்தம். இன்னும் எதுக்கு மாத்திர? நிறுத்திரு."

"டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்த கேக்கட்டா அத்தான்?"

"எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

நிறுத்தினாள். முகம் வீங்கியது, செபமாலை சொல்லும்போதே தூங்கி விழுந்தாள், கடைசியில் குரல் கரகரத்துக் கட்டிக்கொண்டது. அப்புறம்தான் அண்ணாச்சியும் நானுமாக அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு ஓடினோம்.

"டி.எஸ்.எச். தைராய்டுல சுரக்கிறதில்லம்மா. மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி அனுப்புறது. தைராய்டு வேலை செய்யலன்னா அது கூடக்கூடச் சத்தம் போடும். மாத்திரையக் கூட்டியிருக்கணும். நிறுத்தச் சொன்னது யாரு?"

அண்ணாச்சி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். கண்டெய்னர் வெளியே வராத நாளில்தானே கம்பெனிக்காரன் மாற்றி மாற்றிப் போன் போடுகிறான்? போன் நிறைய வந்தால் சரக்கு நிறைய வந்துவிட்டதென்றா அர்த்தம்? அவர் பிழைப்பே அதுதான். ஆனால் உடம்பு என்று வந்துவிட்டால் மனிதருக்கு அது மறந்துபோகிறது.

அந்தத் திருவிழாவில் வேறொரு பெண் பாடினாள். விஜிலா பெஞ்சில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அண்ணாச்சிமேல் கோபம் கோபமாக வந்தது. அவரோ வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டார்.

"டாக்டரம்மா அன்னைக்கு என்ன எரிஞ்சு விழுந்துச்சு, பாத்தியாலே? அட்ரினல் கூடிட்டு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே சோர்ந்துபோன முகம் ஒன்று உங்கள் நினைவுக்கு வந்ததே, அவளுக்கு இன்ன சுரப்பிதான் என்று முடிவுகூடக் கட்டிவிட்டீர்களே, இப்போது போனைத் தேடுகிறீர்களே, அதைக் கொஞ்சம் கீழே வையுங்கள். அவளுக்கும் எங்கேயாவது ஒரு பாட்டு பாக்கி இருக்கும்.