கால்நடைக்கு ஒரு பார்சல்

"பார்சலா? அது போன வாரமே டெலிவரி ஆயிடுச்சே!" என்றார் போஸ்ட்மாஸ்டரம்மா.

புரூஃப்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பத்தைந்து நாள் மலை மலையாக நடந்து, ஷூவின் அடிப்பாகத்தைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, இந்தச் சின்ன ஊரின் தபாலாபீஸ் கவுன்டரைப் பிடித்தபடி நிற்கிறார் மனுஷர். பையில் மிச்சம் அரை பாக்கெட் பிஸ்கட். மேலே கணவாய் கேட்டை இன்று மதியம் இரண்டு மணிக்குப் பூட்டினால், பனிக்காலம் முடிந்துதான் திறப்பார்கள். கேட்டைத் தாண்டினால் பத்து நாள் நடைக்குக் கடையே கிடையாது. மனைவி இந்தத் தபாலாபீஸுக்கு அனுப்புகிற சத்துமாவு கைக்கு வந்தால் நடக்கலாம். வராவிட்டால் எதிரே நிற்கிற பஸ்ஸில் ஏற வேண்டியதுதான்.

பஸ் என்றதும் மச்சினன் முகம் ஞாபகம் வந்து தொலைத்தது. "எங்க கால் வலிக்குதோ அங்கேயே உக்காந்துடுங்க அத்தான், நான் வந்து கூட்டிட்டு வர்றேன்" என்று வழியனுப்பிய புண்ணியவான். அதற்கு மனைவியும் சேர்ந்து சிரித்தாளே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

"என் பார்சலை யார்கிட்ட குடுத்தீங்க?"

போஸ்ட்மாஸ்டரம்மா பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க. 'கால்நடை, ஒரு பெட்டி.' மாட்டாஸ்பத்திரிக்குப் போயிருக்கு."

"ஐயோ, கால்நடைன்னா நான்தாங்க!"

அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

விஷயம் இதுதான். அச்சகத்தில் முப்பது வருஷம் புரூஃப் பார்த்து, அடுத்தவர் எழுத்தில் பிழை பிடித்தவர் அவர். கிளம்பும்போது மனைவியிடம், "பேருக்கு மேல 'கால்நடைப் பயணி'ன்னு கொட்டை எழுத்துல போடு. சுத்தமான வார்த்தை" என்றார். "மாடுன்னு நெனைச்சுப்பாங்களே" என்றாள் அவள். "படிச்சவங்க நெனைக்க மாட்டாங்க" என்று வாயை அடைத்துவிட்டார்.

மொபைலில் சிக்னல் இல்லை. தபாலாபீஸ் போனில் வீட்டுக்கு அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"நம்பரைக் குடுத்துட்டுப் போங்க, நான் போட்டுப் பாக்கறேன்" என்ற போஸ்ட்மாஸ்டரம்மா, அடக்க முடியாமல் கேட்டுவிட்டார். "ஏன் சார், பஸ் இருக்கே, எதுக்கு நடக்கறீங்க?"

"ஆசைதான் மேடம்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் இல்லை. ஓர் ஆட்டின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த கம்பவுண்டர், "ஆமா, பெட்டி வந்துச்சு. பத்து பாக்கெட் மாவு" என்றார்.

"பத்து நாளைக்குப் பத்து! என்னோடதேதான்! பெட்டி எங்க?"

கம்பவுண்டர் மூலையைக் காட்டினார். பெட்டிக்குள் வைக்கோல், வைக்கோல் மேல் முட்டை, முட்டை மேல் ஒரு கோழி. பெட்டியின் முகப்பில் 'கால்நடை' என்பது பளிச்சென்று தெரிந்தது. அதற்கு அடுத்து எழுதியிருந்ததைக் கோழியின் இறக்கை மறைத்திருந்தது. பிழை பார்த்தே பழகிய கண், சும்மா இருக்குமா? இறக்கையை லேசாக விலக்கப் பார்த்தார். புறங்கையில் நாலு கொத்து வாங்கினார்.

"கோழிக்கு மருந்து நானே போடுவேன். மனுஷனுக்கு இங்க கெடையாது" என்றார் கம்பவுண்டர், அக்கறையோடு.

மிச்சமிருந்த நாலு பாக்கெட்டையும் பார்த்ததும் புரூஃப்காரர் முகம் மலர்ந்தது. டைப் அடித்து ஒட்டிய சீட்டு: 'காலை இரண்டு கை, மாலை இரண்டு கை, வெண்ணீரில் பிசைந்து தரவும்.'

"வெண்ணீர்!" என்று கத்தினார். "வெந்நீரை வெண்ணீர்னு எழுதறது உலகத்துலயே என் பொண்டாட்டி ஒருத்திதான்! இருபத்தாறு வருஷமா திருத்தறேன், திருந்தலை!"

"அது மாட்டுத் தீவனம் சார்."

"இப்ப பாருங்க" என்று ஒரு பாக்கெட்டைப் பிரித்து, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். மென்றார். கண்ணை மூடினார். "உப்பு கம்மி. அவளேதான்."

உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் பிஸ்கட்டும் ரொட்டியும் தின்ற நாக்கு. எங்கோ உட்கார்ந்து தனக்காக வறுத்து, இடித்து, சலித்து அனுப்பியிருக்கிறாளே! ஊருக்குப் போனதும் அவள் எழுத்தில் இனிமேல் ஒரு பிழை பிடிப்பதில்லை என்று அங்கேயே முடிவு கட்டினார். கம்பவுண்டர் நாலையும் தந்துவிட்டார். மீதி ஆறும் ஊர்ப் பால்காரம்மா வீட்டு மாட்டுக்குப் போயிருந்தன.

பால்காரம்மா லேசில் மசிகிற ஆளாக இல்லை.

"மூணு நாளா எந்திரிக்காம கெடந்த மாடு. ஒரு பாக்கெட் தின்னுட்டு எப்படி நிக்குது பாருங்க! இதைப் போய்த் திருப்பிக் கேக்கறீங்களே?"

"அது நான் சாப்பிடறதும்மா."

"உங்களுக்கும் அதே வியாதியா?"

"வியாதி இல்லம்மா. கணவாய் வழியா நடந்து போறேன்."

"பஸ் இருக்கே! வீட்டுல சண்டையா?"

"சண்டையா? அவதாம்மா இதை இடிச்சு அனுப்பினவ!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி, நிரூபணமாக இன்னொரு பிடி வாயில் போட்டார். மாடு கழுத்தை நீட்டி அவரையே உற்றுப் பார்த்தது. பிறகு, அவர் கக்கத்தில் இருந்த தொப்பியை இழுத்து மெல்ல ஆரம்பித்தது.

மணி பன்னிரண்டரை. கெஞ்சினார், கொஞ்சினார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பால்காரம்மாவின் கண் அவர் பைமேல் சுருட்டிக் கட்டியிருந்த கம்பளியில் விழுந்தது. "மாட்டுக்குக் குளிர் தாங்கலை" என்றார்.

பனிமலைக்குப் போகிறவன் கம்பளியைக் கொடுப்பானா? இவர் கொடுத்தார். மனைவி கையால் இடித்த மாவு, அதை இங்கே விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. கம்பளி மாட்டின் முதுகுக்குப் போயிற்று, ஐந்து பாக்கெட் இவர் பைக்குள் வந்தன.

தொப்பி இல்லை, கம்பளி இல்லை, புறங்கையில் கொத்து வேறு. ஆனாலும் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றேமுக்கால்தான். புரூஃப்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பத்து நாளைக்குச் சாப்பாடு இருக்கா?" என்றார் கேட்காரர், பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

"என்ன அப்படிக் கேட்டுட்டீங்க? பிடிங்க, வீட்டுல செஞ்சது" என்று ஒரு பிடி அவர் கையில் கொட்டினார்.

கேட்காரர் வாயில் போட்டு மென்றார். "ஒரு மாதிரி இருக்கே சார்."

"அதான் கைப்பக்குவம்! நான் இவ்வளவு தூரம் வருவேன்னு நம்பி, நாள் கணக்குப் பாத்து அனுப்பியிருக்கா. மச்சினன் ஆயிரம் சொல்லட்டும், பொண்டாட்டிக்குத் தெரியுமய்யா புருஷன் யாருன்னு!"

அப்போது மேட்டில் திணறித் திணறி ஒரு ஸ்கூட்டர் ஏறி வந்தது. போஸ்ட்மாஸ்டரம்மா இறங்கக்கூட இல்லை, தூரத்திலிருந்தே கத்தினார்:

"சார், உங்க வீட்டம்மா லைன்ல கெடைச்சாங்க! பார்சலை இன்னும் அனுப்பவே இல்லையாம். 'அவரு அவ்வளவு தூரம் நடந்து போவாருன்னு யாருங்க நெனைச்சா?'ன்னு கேக்கறாங்க!"