மகாராணியின் சிலுவார்

என் அழகின் மீது எனக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை உண்டு. நான் மானம் கெட்டதற்குக் காரணம் அதுதான். (இன்றுவரை அந்த நம்பிக்கையை விடவில்லை என்பது வேறு விஷயம்.)

எனக்குக் குருண் பட்டணத்தில் கையுறை செய்யும் பெக்டரியில் வேலை. தலைக்கு வலை, முகத்துக்கு மாஸ்க், உடம்புக்கு வெள்ளை அங்கி. வேலையிடத்தில் எடுத்த குழுப் படம் ஒன்றை வீட்டில் காட்டியபோது, என் கணவர் சேகர் வேறு ஒருத்தியைத் தொட்டு, "இதானே நீ?" என்றார். அன்றைக்கே முடிவு செய்தேன். நாற்பதாவது பிறந்தநாளுக்கு மகாராணி வேஷத்தில் ஒரு படம் எடுத்துக் கூடத்தில் பெரிதாக மாட்டியே தீருவது.

நாத்தனார் புஷ்பாவுக்குச் செய்தி போயிற்று. "அண்ணி, இந்த வயசுல தேவையா இது? சனங்க சிரிக்கும்லா," என்றாள்.

"சிரிக்கட்டும். கிரீடம் என் தலையிலதானே இருக்கப்போவுது," என்றேன்.

கிரீடம் நடன உடைகள் வாடகைக்கு விடும் கடையில் கிடைத்தது. மார்க்கவசம் அட்டைப்பெட்டியில் தங்கத்தாள் ஒட்டி நானே செய்தது. பாவாடை குடை போல விரிய வேண்டுமென்று அடியில் பிரம்பை வளையமாக வளைத்துத் தைத்தேன். அங்கேதான் என் புத்தி கொஞ்சம் அதிகமாக வேலை செய்துவிட்டது.

சேகர் காடி ஓட்ட, படம் எடுக்க மெர்கோங் பக்கம் ஒரு திடலுக்குப் போனோம். யாரோ ஒரு கலைஞர் இரண்டாள் உயரத்துக்கு இரும்பில் நெற்கதிர்கள் செய்து, நெருக்கமாக நட்டு வைத்திருந்தார். மாலை வெயிலில் அத்தனையும் பொன்னாக மின்னின. படம் எடுக்க வந்த என் வேலையிடத் தோழி மல்லிகா, "உள்ளாற போய் நில்லுடி, வயலுக்கே ராணி மாதிரி இருக்கும்," என்றாள்.

பாவாடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தேன். கையை விட்டதும் பிரம்பு டப்பென்று விரிந்து, சுற்றியிருந்த கதிர்களுக்கு நடுவே இறுகிக்கொண்டது. முன்னால் நகர முடியவில்லை. பின்னாலும் முடியவில்லை.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு மலாய்க்கார அம்மா தன் குழந்தையை என் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். ஒரு பெரியவர், "சிலையை நல்லாத்தான் செஞ்சிருக்கான், மூக்குதான் சரியில்ல," என்றார். (சிலைக்குக் காது கேட்டது.)

காவலுக்கு இருந்த ஜாகா ஓடிவந்தார். "கக்கா, கெலுவார் லா," என்று கெஞ்சினார். அக்கா, வெளியே வா என்றால் எப்படி வருவது? அவரும் ஒரு பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"பாவாடைய அவுத்துட்டு வாடி, வேற வழியில்ல," என்றாள் மல்லிகா. பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ள என்ன போட்டிருக்க?"

"எங்க வீட்டுக்காரரு பந்து விளையாடுற சிலுவார்."

வெயிலுக்கு அதுதான் வசதியாக இருந்தது. முழங்கால் வரைக்கும் நீலக் கால்சட்டை, ஓரத்தில் மஞ்சள் கோடு.

அழுகை வரப் பார்த்தது. புஷ்பாவின் முகம் கண்ணில் தெரிந்தது. அழுகை அப்படியே கோபமாக மாறிவிட்டது. வெட்கப்பட நான் என்ன திருடினேனா? நாடாவை அவிழ்த்தேன். கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு, மார்க்கவசமும் நீலச் சிலுவாருமாக வெளியே நடந்தேன். பாவாடை மட்டும் ஆளில்லாமல் உள்ளே நின்றது.

சேகர் காடியிலிருந்து துண்டோடு ஓடிவந்தார். "கோமதி, இத சுத்திக்க. எல்லாரும் பார்க்குறாங்க."

"பார்க்கத்தானே வந்தேன். தள்ளுங்க. மல்லிகா, எடுடி."

இடுப்பில் கை வைத்து நின்றேன். பின்னால் ஜாகா என் பாவாடையோடு மல்லுக்கட்டுவதும் படத்தில் விழுந்தது. அப்புறம் சேகர் குறட்டால் பிரம்பை வெட்டித்தான் அதை மீட்டார்.

அந்தப் படம்தான் இன்று எங்கள் கூடத்தில், சாமி படத்துக்கு எதிர்ச்சுவரில் தொங்குகிறது. கழற்றச் சொல்லிப் பார்த்தவர்கள் எல்லாம் ஓய்ந்துவிட்டார்கள்.

புஷ்பா மட்டும் ஓயவில்லை. எந்தக் கல்யாணத்துக்கு நான் பட்டுப்புடவையில் போனாலும், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் கேட்பாள்: "அண்ணி, உள்ள சிலுவார் இருக்குலா?"

"இருக்கு. ஒனக்கும் ஒண்ணு கொண்டாந்திருக்கேன், மாட்டிக்கிறியா?" என்பேன்.