நூலகத்தில் நான் போட்ட சத்தம்

காலை ஒன்பது பத்துக்கு என் மகள் நித்யா, கன்னியப்பன் கையிலிருந்த செய்தித்தாளைப் பிடுங்கினாள். ஒன்பது மணி ஒன்பது நிமிஷம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

வருடம் 1991. வாலாஜாபாத் பக்கம் ஒரு கிளை நூலகம். நித்யாவுக்கு அப்போது ஒன்பது வயது. சென்னை டாக்டர் ஒருவர் 'ஆட்டிசம்' என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அதை யாரிடம் சொன்னாலும், "அதுக்கு மாத்திரை எதுனா கீதா?" என்றுதான் கேட்டார்கள். இரண்டு பள்ளிக்கூடங்கள் அவளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டன. (இரண்டாவது, நானே டீச்சராக இருந்த பள்ளிக்கூடம்.) அவளோ மளிகைப் பொட்டலத்தின் காகிதத்தைக்கூட விடாமல் படிப்பவள். நூலகமும் வேண்டாம் என்றால், அவளுக்கு மிச்சம் எங்கள் வீட்டுச் சுவர்தான். நூலகர் ஏகாம்பரம் முந்தின வாரம் சொல்லியிருந்தார்: "புதன்கிழமை கூட்டினு வாங்கம்மா. பாத்துட்டு சொல்றேன்."

அந்த 'பாத்துட்டு' என்ற வார்த்தையால் ஐந்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக் கூடத்தையே நூலகமாக்கி ஒத்திகை நடத்தினேன். நான் நூலகர், ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர் வாசகர். பேசக் கூடாது. யாராவது பேசினால் உதட்டில் விரல் வைக்க வேண்டும். பேப்பரைப் பக்க வரிசையில் மடித்து வைக்க வேண்டும். நித்யா இரண்டாம் நாளே தேறிவிட்டாள். கணவர் ஐந்தாம் நாளும் குறட்டை விட்டார்.

நூலகத்தில் புத்தகம் எடுத்ததும் திரும்பிவிடுவேனே தவிர, பேப்பர் மேஜைப் பக்கம் நான் போனதே இல்லை. அங்கே பத்துப் பேருக்கும் வேண்டியது ஒரே நாளிதழ். ஆகவே அதைத் தாள் தாளாகப் பிரித்து, ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு, சத்தமாக விவாதம் செய்வார்கள். இது எனக்கு ஒத்திகையில் தெரியவில்லை.

ஏகாம்பரம் எங்களை உட்காரவைத்துவிட்டு, தபால் வாங்கப் போனார். தலைக்கு மேல் ஒரு மின்விசிறி 'கறக் கறக்' என்று சுற்றியது. நித்யா காதைப் பொத்தினாள். "நல்ல பிள்ளையா உக்காரு" என்று அவள் கையை எடுத்துவிட்டேன்.

பிறகு அவள் எழுந்தாள். மேஜையைச் சுற்றி வந்து ஒவ்வொரு தாளாகச் சேகரித்தாள். கடைசித் தாள் கன்னியப்பனிடம் இருந்தது. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் அவர்.

"ஏ பாப்பா! படிச்சினு இருக்கசொல்ல இன்னா புடுங்குற?"

நித்யா உதட்டில் விரல் வைத்தாள்.

"இருவது வருசமா வரேன். ஒருத்தன் என்னை உஷ்னு சொன்னதில்ல!"

"சொல்லியிருந்தா நாங்க நிம்மதியா படிச்சிருப்போம்யா" என்றார் எதிரில் இருந்தவர்.

அத்தோடு முடிந்திருக்கும். நான் முடிய விடவில்லை. "நித்யா! குடுத்துடு! மன்னிச்சிக்குங்க சார்! நித்யா!" என்று அலறி எழுந்தேன். என் இரும்பு நாற்காலி விழுந்து, பக்கத்து நாற்காலியையும் தள்ளியது. அந்தச் சத்தத்துக்கு நித்யா பேப்பரோடு மேஜைக்கு அடியில் போய்விட்டாள். கஞ்சி போட்ட புடவையோடு நானும் புகுந்தேன். என் பையிலிருந்த எவர்சில்வர் டப்பா உருண்டு திறந்து, முறுக்கு நாலாபக்கமும் சிதறியது. அப்போதும் வாயை மூடாமல், அங்கிருந்தபடியே ஆட்டிசம் என்றால் என்ன என்று பாடம் நடத்தினேன். பத்து ஜோடிக் கால்கள் கவனமாகக் கேட்டன.

"டீச்சரம்மா, வெளிய வந்து சொல்லுங்க. பாதிதான் காதுல வுழுது" என்றார் கன்னியப்பன்.

நித்யா மட்டும் மூலையில் தாள்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள்.

இன்றும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால், கணவர் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்து, "டீச்சர் இருக்காங்களா?" என்பார். நித்யா உதட்டில் விரல் வைப்பாள். அந்த நூலகத்தின் வாசல்படியில் எந்தக் கல் எத்தனை மணிக்குச் சுடும் என்பது எனக்கு அத்துப்படி. பல வருடம் அதில்தான் உட்கார்ந்திருந்தேன். அதற்குக் காரணம் ஏகாம்பரம்.

அன்று தபால் கட்டோடு வந்து நின்றவரிடம், மேஜைக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "போயிடறோம் சார்" என்றேன். அவர் முட்டி போட்டுக் குனிந்து, "பாப்பா, சத்தம் ஜாஸ்தியா கீதா?" என்று அவளைக் கேட்டார். என்னையும் சேர்த்து, அதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. நித்யா மின்விசிறியைக் காட்டினாள். அப்புறம் என்னைக் காட்டினாள்.

அவர் போய் சுவிட்சை அணைத்தார். மின்விசிறி மெல்ல நின்றது. திரும்பி வந்து, ரொம்பத் தணிந்த குரலில் சொன்னார்:

"ஃபேனை நிறுத்திட்டேன்மா. உங்களுக்கு சுவிட்ச் எங்க கீதுன்னு தெரியல. நீங்க கொஞ்சம் வாசல்ல உக்காருங்க. பாப்பா உள்ள இருக்கட்டும்."